இருப்பைப் பூவும் மெழுகு நூலும்

நம் சங்கத்தின் சித்திரைத் திருநாளில் சிறுவர் போட்டிகளுக்குப் பரிசாக வழங்கப்பெற்ற பித்தளை விளக்குகளைக் கண்ட அன்பர்கள் பலர், "இவை எந்த ஊர்ச் சரக்கு? யார் செய்தவை?" என்று எங்களைக் கேட்டவண்ணம் இருக்கின்றனர். "விலை ஏன் இவ்வளவு?" என்று கேட்டவர்களும் உளர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, அவ்விளக்குகள் பிறந்த ஊருக்கு நாங்கள் சென்று வந்த செய்தியை இவ்விதழ் வாயிலாகவே கூறிவிடுதல் நலம் என்று தோன்றியது.

விசாகப்பட்டினத்தில் வாழும் நம்மவர்க்கு அரக்குப் பள்ளத்தாக்கு புதிதன்று. விடுமுறை நாளில் கட்டுச்சோற்றுடன் கிரந்துல் வண்டியில் ஏறிப் போரா குகையையும் அரக்கையும் கண்டு மாலையில் திரும்பிவிடுவர். அந்த வண்டி அரக்கோடு நின்றுவிடுவதில்லை. மலைகளைக் குடைந்த 50-க்கு மேற்பட்ட சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, கோராபுட், ஜெய்ப்பூர் வழியாகச் சத்தீஸ்கர் மாநிலத்து ஜகதல்பூரை அடைந்து, அதற்கப்பாலும் செல்கிறது. அரக்குக்குச் சற்று முன்னே வரும் சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர் உயரத்தில் உள்ளது. காஷ்மீரத்தில் பாதை போடப்படும் வரையில் இந்நாட்டு அகலப் பாதை நிலையங்களுள் மிக உயர்ந்ததாக விளங்கியது அதுவே. இந்தப் பாதை 1960-களில் போடப்பட்டது மக்களின் போக்குவரத்துக்காக அன்று. பைலடிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்து ஜப்பானுக்கு அனுப்புவதற்காக. ஆகவே தாது வண்டி எதிரே வந்தால் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்கும். அடுத்த பெட்டியில் இருந்த அன்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் இரயில்வேயை வைதுகொண்டே வந்தார். அந்த உப்பைத் தின்று வாழும் நாங்கள் வாய் திறவாமல் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சென்ற பங்குனியில் புறப்பட்டவர்கள் நாங்கள் மூவர்: யாம், எங்கள் இல்லத்தரசி, சரக்குப் பிரிவில் பணியாற்றும் மூத்த நண்பர் ஒருவர். நண்பருக்கு இந்தி நன்றாக வரும்; எங்களுக்கு முறிந்த இந்தி. பஸ்தர் என்னும் பெயரைக் கேட்டவுடனேயே உறவினர் சிலர் அச்சமூட்டினர். துப்பாக்கிச் சத்தத்துக்காகவே பல்லாண்டுகள் செய்தித்தாளில் இடம் பெற்ற நிலப்பகுதி அது. நாங்கள் சென்ற நெடுஞ்சாலையில் கண்டவையோ சால மரங்களும், மிதிவண்டியில் விறகு கொண்டு செல்வோரும், காவல் சாவடி ஒன்றிரண்டும்தாம். ஜகதல்பூரில் இரவு தங்கி, மறுநாள் பேருந்தில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வடக்கே சென்று கொண்டாகாவ் என்னும் ஊரில் இறங்கினோம்.

கொண்டாகாவ் 2012-ல் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே கட்வா என்னும் வார்ப்புத் தொழிலாளரால் பெயர் பெற்ற ஊர். அவர்கள் செய்யும் பொருளைக் கடைக்காரர்கள் டோக்ரா என்று அழைக்கின்றனர். இவ்வூரினரான ஜெய்தேவ் பாகேல் என்னும் கலைஞர் இக்கலையை வெளிநாடுகள் வரை அறியச் செய்தவர். நாங்கள் தேடிச் சென்றது புகழ் பெற்ற மனையன்று. நண்பர் ஒரு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் பன்னிரண்டு விளக்குகளுக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு சிறு குடும்பத்தின் மண்வீடு. முற்றத்தில் மாமரம், அதன் நிழலில் வயது அறுபதை எட்டிய ஒருவர் குந்தி அமர்ந்து மெழுகைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நண்பர் அவரைத் 'தாதா' என்று விளித்தார். அண்ணன் என்று பொருள். நாங்களும் அவ்வாறே விளித்தோம்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் விக்கிரகம் வார்ப்பதைக் கண்டவர்கள் நம்முள் சிலர் இருப்பர். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவர். இங்கும் அடிப்படை அதுவே. ஆயின் வேற்றுமை பெரிது. சுவாமிமலையில் உருவம் முழுதும் மெழுகு. ஆகவே வார்ப்பும் கனமாக அமையும். இங்கோ உருவத்தின் உள்ளே மண். வயல் மண்ணையும் உமியையும் பிசைந்து விளக்கின் வடிவைப் பிடித்து வெயிலில் காய வைக்கின்றனர். அதன்மேல் சாணம் கலந்த நுண்மண்ணைப் பூசி, அவரை இலையைத் தேய்த்து வழவழப்பாக்குகின்றனர். அவ்விதம் தேய்த்தால்தான் மெழுகு பற்றுமாம். பின்னர் வருகிறது மெழுகு நூல்.

தேன்மெழுகைக் காய்ச்சி வடிகட்டி, மரத்தாலான பீச்சாங்குழல் போன்ற கருவியில் இட்டு அழுத்துகின்றனர். இடியாப்ப உழக்கிலிருந்து மாவு இறங்குவதுபோல் மறுமுனையில் மெழுகு நூல் இறங்குகிறது. அந்நூலை மண் உருவத்தின்மேல் ஓரிழையும் விலகாமல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். யானையின் அம்பாரி, மயிலின் கொண்டை, தேவியின் கண், காதணி எல்லாம் அந்த நூலை மடித்தும் முறுக்கியும் ஒட்டியும் செய்பவையே. விளக்கின் உடலில் காணும் கோடுகள் உளியால் கீறியவை என்று எண்ணியிருந்தோம். அவை அனைத்தும் சுற்றிய நூலின் தடங்கள். எங்கள் இல்லத்தரசி அருகில் அமர்ந்து ஒரு சாண் நூலைச் சுற்றிப் பார்த்தார். பூத்தொடுத்துப் பழகிய விரல்தான். எனினும் வெயிலின் சூட்டில் நூல் இளகி நான்கு இடங்களில் அறுந்துவிட்டது. தாதா சிரித்தார். அவர் வீட்டுப் பெண்கள் அதிகாலைக் குளிர்ச்சியிலேயே இவ்வேலையை முடித்துவிடுவர் என்று கூறினார். ஒரு விளக்குக்கு நூல் சுற்ற மட்டும் இரண்டு காலைப் பொழுதுகள் ஆகுமாம்.

நூல் சுற்றியபின் கரித்தூள் கலந்த மென்மண் ஒரு பூச்சு. அதன்மேல் கரையான் புற்று மண்ணும் உமியும் கலந்த தடித்த பூச்சு. மேலே ஒரு வாய். உலோகத் துண்டுகளை ஒரு மண்கிண்ணத்தில் இட்டு, கிண்ணத்தையே அச்சின் வாயோடு சேர்த்து மூடிச் சுட்டுக் கவிழ்க்கும் முறையும் உண்டு. நாங்கள் கண்டது உலோகத்தைத் தனியே உருக்கி ஊற்றும் முறை. உலோகம் என்பது வேறொன்றுமன்று. உடைந்த குடம், தட்டு, குழாய்த் திருகு ஆகியவை. நம் வீட்டில் பழைய பாத்திரக்காரனிடம் போடும் பித்தளை இங்கே வந்து தேவியாகிறது! உலையில் தீக்கொழுந்து பச்சை நிறமாக மாறிய கணத்தில் தாதா எழுந்தார். அவருடைய மகன் இடுக்கியால் மூசையைத் தூக்கிக் கொடுத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, பேச்சு ஒன்றும் இல்லாமலே, பன்னிரண்டு அச்சுகளின் வாயிலும் ஊற்றி முடித்தனர். அத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்து இப்போது டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள நடனமாதின் சிறு வெண்கலச் சிலையும் மெழுகு வார்ப்பே என்பர். கடைகளில் டோக்ரா விற்போர் இதைத் தவறாமல் கூறுகின்றனர். தாதாவிடம் நண்பர் அதைக் கூறியபோது, அவர் தலையை அசைத்துவிட்டு அச்சுகள் ஆறுகின்றனவா என்று பார்க்கச் சென்றுவிட்டார். அவருக்கு நாலாயிரம் ஆண்டைப் பற்றிய கவலையில்லை. மெழுகின் விலையைப் பற்றிய கவலை இருந்தது.

மாலையில் விலைப் பேச்சு வந்தது. புறப்படும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரை, "எடைக்கு விலை கேளுங்கள், பித்தளை விலையோடு கூலி ஏதேனும் சேர்த்துக் கொடுத்தால் போதும்" என்பது. குமாஸ்தாக்களாகிய எங்களுக்கும் எடைக் கணக்கு எளிதில் விளங்கும் கணக்குத்தான். நண்பர் அவ்வாறே கேட்டார். தாதா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கூறியதை நண்பர் மொழிபெயர்த்தார்: "நகரத்து வியாபாரிகளும் தராசோடுதான் வருகிறார்கள். தராசில் பித்தளை இருக்கிறது. மெழுகு இல்லையே? அது எரிந்து போய்விட்டது. நூல் சுற்றிய பெண்களின் நாளும் அதோடு போய்விட்டது." அதற்குமேல் எடையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே பொருள். அதே விளக்கு மீண்டும் வேண்டுமாயின் வயல் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். விளக்கு ஒன்றுக்கு அவர் கேட்ட 900 ரூபாயைக் குறைக்காமல் ஒப்புக்கொண்டோம். விலையைப் பற்றிக் கேட்ட அன்பர்களுக்கு எங்கள் விடை இதுவே.

முற்காலத்தில் இவர்களுக்கு வியாபாரியே தேவைப்படவில்லை. சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்குச் சாமி உருவம், மாட்டு மணி, காற்சிலம்பு, நெல் அளக்கும் படி எல்லாம் செய்து கொடுத்துத் தானியம் பெற்றனர். வீட்டில் பழைய படி ஒன்றைக் காட்டினார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த மரக்காலுக்கு இளைய சகோதரி போல் இருந்தது. இன்று அதை யாரும் கேட்பதில்லை. நகரத்து வரவேற்பறைக்கு ஏற்ற யானையும், ஜிட்கு - மிட்கி என்னும் இவ்வட்டாரக் காதலர் இணையும்தாம் விலை போகின்றன. தாதாவின் மகன் இராய்ப்பூரில் ஒரு கட்டடப் பொருள் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறான். ஊற்றும் நாளில் உதவுவதற்காக இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான்.

அச்சுகள் ஆறட்டும், நாளைக்கு உடைக்கலாம் என்றனர். அன்றிரவு அவ்வீட்டிலேயே தங்கினோம். தாதாவின் தங்கை காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார்; விருந்தினரைப் பார்க்க வந்திருந்த அவர், விடியலில் தம்முடன் வந்தால் மகுவாப் பூ விழுவதைக் காணலாம் என்று எங்கள் இல்லத்தரசியை அழைத்தார்.

மகுவா என்பது வேறு மரமன்று. நம் ஊர் இலுப்பையின் இனமே. நாம் அதை விளக்கெண்ணெய்க்குரிய மரமாக அறிவோம். கோயில் விளக்குகளுக்கு இலுப்பெண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று வாயால் சொல்வோமேயன்றி, அந்தப் பூவை வாயிலிட்டுப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? சங்கப் பாடல்களில் இம்மரத்தின் பெயர் இருப்பை. அதன் பூவைக் கரடி உண்ணும் காட்சி அகநானூற்றில் உண்டு. இங்குள்ள கோண்டு மக்களின் மொழியிலும் இதற்கு 'இரு' என்ற ஒலியோடு தொடங்கும் பெயரே வழங்குகிறது. அவர்கள் இரண்டு, மூன்று, நாலு என்பதை 'ரண்ட், முண்ட், நாலுங்' என்று எண்ணக் கேட்டபோது, எங்கோ தொலைவில் இருந்த உறவினர் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றி வந்துவிட்டாற்போல் இருந்தது.

நான்கு மணிக்கே நடந்தோம். மரத்தடியில் சருகுகளைத் தீயிட்டுக் கூட்டி வைத்திருந்தனர். தரை கருப்பாகவும் தூய்மையாகவும் இருந்தால் வெளிறிய பூ எளிதில் கண்ணுக்குப் படும். இத்தீ காட்டில் பரவிவிடுகிறதென்று வனத்துறையினர் ஆண்டுதோறும் எச்சரிப்பதுண்டு. இலையுதிர்ந்த கிளைகளிலிருந்து 'பொத், பொத்' என்று பூக்கள் விழுந்தவண்ணம் இருந்தன. பூ என்றால் இதழ் விரிந்த பூவன்று. சதைப்பற்றுடன் சிறு கோலிக்குண்டு போன்றது. காடெங்கும் பழைய வெல்லப் பானையைத் திறந்தாற்போன்ற மணம். பெண்களும் சிறுவர்களும் கூடையுடன் குனிந்தவர்கள் வெயில் ஏறும் வரை நிமிரவில்லை. கரடியும் இதே பூவுக்கு இதே நேரத்தில் வருமாதலால், வரும் வழியெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டே வந்தனர். அகநானூற்றுக் கரடி எங்களுக்குப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் அண்டை வீட்டாருக்கோ தோளில் தழும்பாக இருந்தது.

பறித்ததை முற்றத்தில் நாட்கணக்கில் உலர்த்துகின்றனர். உலர்ந்த திராட்சை போலச் சுருங்கிப் பழுப்பு நிறமாகிறது. புளியங்கொட்டையோடு வறுத்துத் தின்பதும் உண்டு. அரிசி தீர்ந்த நாளில் அதுவே உணவு. எஞ்சியது வாரச் சந்தைக்குப் போகும். அல்லது பானைக்குப் போகும்.

பானைக்குப் போவதையும் கண்டோம். உலர்ந்த பூவைத் தண்ணீரில் ஊற வைத்தால் கோடையில் நான்கைந்து நாட்களில் நுரைத்துப் புளித்துவிடும். அதை அடுப்பின்மேல் பானையில் ஏற்றி, மேலே மற்றொரு பானையைக் கவிழ்த்து, இடுக்குகளை மண்ணால் பூசி, ஒரு மூங்கில் குழாயைச் செருகுகின்றனர். குழாயின் மறுமுனை தண்ணீரில் அமிழ்த்திய சிறு கலயத்தில். எழும் ஆவி குளிர்ந்து கலயத்தில் துளித்துளியாக இறங்குகிறது. எரிப்பதில்தான் சூட்சுமம்; தீ மிகுந்தால் கருகல் நாற்றம் ஏறிவிடும். அந்த அம்மையார் விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக அடுப்பைவிட்டு நகரவே இல்லை. பால் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்களின் கவனம் அது.

முதலில் இறங்கியதை மண்ணில் சிறிது ஊற்றி முன்னோரை நினைத்தார். பிறப்பு, மணம், இறப்பு எதுவும் இது இல்லாமல் இங்கு நடைபெறாது. பின்னர் இலையால் தைத்த கிண்ணத்தில் சிறிது வார்த்து எங்கள் இல்லத்தரசியிடம் நீட்டினார். நாம் தொன்னை என்பதை அவர்கள் 'தோனா' என்கின்றனர்.

எங்கள் இல்லத்தரசி கைகூப்பி மறுத்துவிட்டார். அவர் பிறந்த வீட்டில் நிலமும் நகையும் போன வழி இந்த வழி. அதை அங்கே விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை என்று நாங்கள் எண்ணினோம். அவரோ நண்பரின் வாயிலாகச் சொல்லியே விட்டார். "என் அப்பா குடித்தே போனார், தீதி. என் கையால் இதைத் தொட மாட்டேன்." அந்த அம்மையார் சினம் கொள்ளவில்லை. தொன்னையைத் தாமே வாங்கி ஓரத்தில் வைத்தார். "நான் காய்ச்சுவதில் பாதியை விற்று மகளைப் படிக்க வைக்கிறேன். மறுபாதியை வீட்டுக்காரன் குடிக்கிறான். குடித்த நாளில் அடியும் உண்டு," என்று கூறி அடுப்பில் விறகைத் தள்ளினார். "அப்படியானால் ஏன் காய்ச்ச வேண்டும்?" என்று எங்கள் இல்லத்தரசி கேட்டார். "காய்ச்சாவிட்டால் கடையில் வாங்கிக் குடிப்பான். அப்போது அந்தப் பாதிப் பணமும் போகும்" என்பது மறுமொழி. சற்று நேரம் எவரும் பேசவில்லை.

இந்தப் பானையின்மேல் ஆள்பவர்களின் கண் பட்டது நேற்றன்று. சாராய வரிக்காக வெள்ளையர் அரசு வீட்டுப் பானைகளை ஒடுக்கியது. பம்பாய் மாகாணத்தின் சில பகுதிகளில் 1892-ல் மகுவாப் பூவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. காட்டில் தானாக விழும் பூவை வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாயிற்று! இன்று சத்தீஸ்கரில் பழங்குடி மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு ஓரளவு காய்ச்சிக்கொள்ள இடமுண்டு; விற்பனைக்கு இல்லை. பழங்குடிப் பகுதிகளில் மதுவைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் அளித்தது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அண்டையிலுள்ள மத்தியப் பிரதேச அரசோ இதையே பாரம்பரிய மதுவாக விற்க இடமளிப்பதாக 2021-ல் அறிவித்தது. கண்ணாடிக் குப்பியில் அடைத்து நகரத்தில் விற்கும் நாள் வரும்போது, அந்த அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கு அதில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதைத் தராசு வைத்திருப்பவர்கள்தாம் கூற வேண்டும்.

புறப்படும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஊரிலும் இந்த மரம் இருக்கிறதே, பூவை என்ன செய்வீர்கள்?" விதையை ஆட்டிக் கோயிலுக்கு விளக்கேற்றுவோம் என்றோம். "பூவை?" என்று மீண்டும் கேட்டார். பூவை எடுப்பதில்லை என்றோம். அவரால் அதை நம்ப முடியவில்லை. இத்தனை பூவையும் மண்ணுக்கா விடுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுக் கூறிச் சிரித்தார். வறுத்த பூ ஒரு கைப்பிடியை இலையில் கட்டிக் கொடுத்தார். அதை எங்கள் இல்லத்தரசி மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். பேரீச்சம்பழத்தின் இனிப்பும் இலேசான கைப்பும் கலந்த சுவை. கொண்டாகாவ் வந்து சேருமுன் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது. குப்பியில் அடைத்த சரக்கை ஒருவர் வழியில் மலிவாகத் தருவதாகக் கூறினார். இரயிலில் அதைக் கொண்டுவருவது கூடாது என்பதை அன்பர்களுக்கு நினைவூட்டி மேலே செல்கிறோம்.

நண்பகலில் அச்சுகளை உடைத்தனர். சுட்ட மண் ஓடு ஓடாக உதிர, உள்ளிருந்து மயிலின் கழுத்து, பின்னர் வால், பின்னர் எண்ணெய்க் குழி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. தேங்காய்க்குள் கொப்பரையைப் பார்ப்பதுபோல் குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தனர். பதினொன்று நன்றாக வந்திருந்தன. பன்னிரண்டாவதில் உலோகம் கொண்டை வரை ஓடவில்லை. எங்கள் கண்ணுக்கு அது குறையாகவே தெரியவில்லை. அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்றோம். தாதா ஒப்பவில்லை. சுத்தியலால் இரண்டாக்கிப் பழைய பித்தளைக் கூடையில் போட்டுவிட்டார்.

மகன் மாலைப் பேருந்தில் இராய்ப்பூர் திரும்ப வேண்டியவன். கூடையில் விழுந்த ஓசையைக் கேட்டு உள்ளேயிருந்து வந்து, கைப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு மண் உருவத்தை எடுத்து அவரை இலையைத் தேய்க்கத் தொடங்கினான். தந்தை ஒன்றும் கேட்கவில்லை. பூச்சு காய நான்கு நாளாகும் என்று மட்டும் எங்களிடம் கூறினார். பதினொரு விளக்குகளையும் வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டிக்கொண்டு நாங்கள் ஜகதல்பூர்ப் பேருந்தில் ஏறினோம். பன்னிரண்டாவது விளக்கு பத்து நாட்கள் கழித்துப் பார்சலில் வந்து சேர்ந்தது. அதன் கொண்டையில் மற்றவற்றைவிட இரண்டு சுற்று நூல் கூடுதலாக இருந்தது.